கண்ணும் கமராவும் கவலையும்



யாழ்ப்பாணத்து வீடுகளில் 'படம்' என்ற சொல்லுக்குப் பாரம் அதிகம். முன்விறாந்தையில் திருஇருதய ஆண்டவர் படம். அதன் பக்கத்தில் காலமாகிய பெரியவர்களின் படம். சில வீடுகளில், இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாத பிள்ளையின் படம். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, பலர் அடையாள அட்டையை மடியில் செருகிக்கொண்டு கலியாண அல்பத்தை வீட்டிலேயே விட்டு நடந்தார்கள். திரும்பி வந்தபோது அல்பமும் இல்லை, அலுமாரியும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் அமர்ந்தபோது அவர்கள் கைகளில் இருந்தவையும் படங்கள்தான்.

இப்படிப்பட்ட மண்ணில் குருவியையும் பூவையும் கடற்கரையையும் படம் பிடியுங்கள் என்று ஒரு குருவானவர் எழுதினால், 'பாதருக்கு வேறு வேலை இல்லையோ' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்லும் பதிலும் மேலே சொன்ன படங்களிலிருந்தே தொடங்குகிறது. நம் வீடுகளில் இழப்பின் படங்கள் நிறைய இருக்கின்றன. இருப்பவற்றின் படங்கள் குறைவு. இழந்ததை நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு, இன்னும் வளவில் நிற்பதைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகிறது. அந்தப் பழக்கத்தை மீண்டும் பெறுவது எப்படி என்பதே இவ்வாரப் பாடம்.

ஆண்டவர் கொடுத்த வேலை

மத்தேயு நற்செய்தியின் 6-ம் அதிகாரத்தில் இயேசு கவலையைப் பற்றிப் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். வரிச்சுமை தாங்கிய கலிலேயக் கமக்காரரும் மீனவரும் கூலிக்காரருமே. நாளைக்கு என்ன உண்பது, என்ன உடுப்பது என்பது அவர்களுக்கு உண்மையான கேள்வி. 'கவலைப்படாதே' என்று மட்டும் சொல்லி எவருடைய கவலையும் தீர்ந்ததில்லை. இது செத்தவீட்டுக்குப் போய் வந்த எல்லாருக்கும் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். ஆகவே அவர் அறிவுரையோடு நிறுத்தாமல் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்கிறார். பறவைகளைப் பார்க்கச் சொல்கிறார். காட்டுப் பூக்களைக் கவனிக்கச் சொல்கிறார்.

இங்கே கிரேக்க மூலத்தைச் சற்றுப் பார்ப்பது பயன் தரும். பறவைகளைப் பற்றிப் பேசும்போது வரும் வினைச்சொல் 'எம்பிளெப்போ'. கண்ணில் பட்டதைப் பார்த்துவிட்டுப் போவதை இது குறிப்பதில்லை. கண் எடுக்காமல், உள்ளே நுழைந்து பார்ப்பதைக் குறிக்கிறது. இதே சொல் மாற்கு 10:21-ல் வருகிறது. நித்திய வாழ்வைத் தேடி ஓடிவந்த செல்வரை இயேசு நோக்கி, அவர்மேல் அன்புகொண்ட இடம் அது. லூக்கா 22:61-லும் வருகிறது. சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்த்தாரே, அந்த இடம். பேதுருவை அழவைத்த பார்வைக்கும், ஒரு குருவியை நாம் பார்க்க வேண்டிய பார்வைக்கும் நற்செய்தியில் ஒரே சொல்!

பூக்களுக்கு வேறொரு வினை: 'கட்டமந்தானோ'. ஒரு பாடத்தை முழுவதும் கற்றுத் தேறுவது என்று பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. வேதாகமத்தைக் கற்கச் சொல்லும் இடத்தில் இல்லை, பூவைக் கற்கச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலின் 226-ம் பத்தியில் இந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறார். அமைதியாக ஒன்றின்மேல் முழுக் கவனத்தையும் வைத்திருக்கும் மனநிலையை ஆண்டவர் அங்கே கற்பித்தார் என்பது அவர் விளக்கம்.

படம் எடுத்தால் மறந்துபோகும்

கமரா இதற்கு உதவுமா? உதவும். கெடுக்கவும் செய்யும். கெடுப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இயேசுசபையினர் நடத்தும் பெயர்பீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹெங்கெல் என்ற உளவியல் பேராசிரியர் ஓர் ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டார். அங்குள்ள கலைக்கூடத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, சில பொருட்களைப் படம் எடுக்கவும், சிலவற்றைக் கண்ணால் மட்டும் பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருட்களையே மாணவர்கள் கூடுதலாக மறந்திருந்தார்கள். கமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஓய்வெடுத்துக்கொண்டது. நல்லூர்த் தேருக்கும் மடுத் திருவிழாவுக்கும் தலைக்கு மேலே கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்தபின் அந்த வீடியோவை எத்தனை பேர் போட்டுப் பார்க்கிறார்கள்?

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பொருள் முழுவதையும் எடுக்காமல், அதன் ஒரு பகுதியை நெருங்கிப் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு மறதி ஏற்படவில்லை. அந்தப் பகுதி மட்டுமல்ல, படத்துக்குள் வராத மற்றப் பகுதிகளும் நினைவில் நின்றன. எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க மனம் வேலை செய்திருக்கிறது. ஆகவே கமராவில் குற்றம் இல்லை. அவசரத்தில்தான் குற்றம்.

எங்கள் சிறுபராயத்தில் பிலிம் றோல் ஒன்றில் 36 படங்கள். அதை வாங்குவதே பெரும்பாடு. 1990-க்குப் பின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. கரையோரத்தில் கமராவுடன் நடமாடுவது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். அதனால் அக்காலத்தில் இக்குடாநாட்டின் பறவைகளையும் தரவைகளையும் படம் எடுத்தவர்கள் மிகச் சிலரே. இன்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று கமராக்கள், அவற்றில் ஆயிரக்கணக்கில் படங்கள். அந்த 36-ஐ நாமாக விதித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இந்த மாதம் முழுவதற்கும் 36 படம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்து நிமிடம் அந்தப் பொருளைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் என்றதும் முகம் சுளிப்பார்கள். ஐந்தில் தொடங்குங்கள்.

நெய்தலின் துக்கம்

இயற்கையைப் பார்ப்பதும் மனதைப் பார்ப்பதும் வேறு வேறல்ல என்பதை நமக்கு வெளியார் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஊர்காவற்துறை கரம்பொன்னைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார் (1913–1980) அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தது இதைப் பற்றித்தான். சங்கப் புலவர்கள் இயற்கையை எவ்வாறு கண்டார்கள் என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். அது ஆங்கில நூலாக வந்து, பின்னர் திருத்தப்பட்டு 1966-ல் 'லான்ட்ஸ்கேப் அன்ட் பொயற்றி' என்ற பெயரில் மறுபடியும் வெளிவந்தது. உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்காக அவரைக் கொண்டாடும் நாம், அவர் முதலில் கற்றுத் தந்த இந்தப் பாடத்தை அதிகம் கவனிப்பதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு.

சங்கப் புலவர் கடலை வருணிக்கும்போது கடலை மட்டும் வருணிப்பதில்லை. ஐந்திணைப் பகுப்பில் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். அந்த நிலத்துக்கு உரிய உணர்வு இரங்கல், அதாவது பிரிந்தவரை எண்ணி உருகுவது. அதற்குரிய பொழுது எற்பாடு, சூரியன் சாயும் வேளை. பாசையூர்க் கரையிலோ நாவாந்துறையிலோ மாலை ஐந்தரை மணிக்கு நின்றவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, வள்ளத்தில் ஏறிப் போன பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான், 2004 டிசம்பர் 26-ல் அலை கொண்டுபோனது. நம் நெய்தலில் இரங்காத வீடு எது?

அந்தப் பழைய புலவர்களின் முறையைக் கவனியுங்கள். துக்கத்தை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டவில்லை. 'எனக்குத் துக்கம்' என்று கூவித் திரியவும் இல்லை. தாழையிலும் புன்னையிலும் நாரையிலும் அலையிலும் கொண்டுபோய் வைத்தார்கள். வெளியே வைத்தபின் அதைப் பார்க்க முடிந்தது, பிறரோடு பகிர முடிந்தது. பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர், பசியும் குளிருமாக மதுரையில் கிடந்தபோது, வானத்தில் போன நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார் என்பது எல்லாரும் பள்ளியில் படித்தது. அந்த நாரையின் அலகை அவர் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைவிடத் துல்லியமான உவமை கிடைக்காது. அவ்வளவு துன்பத்திலும் அந்த மனிதர் நாரையை அத்தனை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். (பசித்தவர் கண்ணுக்கு அலகும் கிழங்காகத் தெரிந்திருக்கலாம் என்றும் நான் நினைப்பதுண்டு.)

கமராவும் இதைச் செய்ய முடியும். மணற்காட்டில் மணல்மேடுகளுக்கு நடுவே, புதையுண்டு சிதைந்த பழைய அந்தோனியார் ஆலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. காற்று வீச வீச மணல் இடம் மாறுகிறது. ஒருநாள் மூடியிருந்த கல் இன்னொரு நாள் வெளியே தெரிகிறது. மனம் கனத்திருக்கும் ஒருவரை அங்கே அழைத்துப் போய், 'உங்களுக்குப் பிடித்த ஒரு மூலையை எடுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். அவர் எடுத்து வரும் மூலை, வாயால் சொல்லாததைச் சொல்லும். பிறகு அவரைத் துருவிக் கேட்காதீர்கள். படத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

கமரா பிடித்த துறவிகள்

திருச்சபையில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அயர்லாந்து நாட்டு இயேசுசபைக் குரு பிரான்சிஸ் பிறவுண், ஆயராக இருந்த தந்தையின் சகோதரர் 1897-ல் கொடுத்த கமராவோடு வாழ்நாள் முழுவதும் படம் எடுத்தவர். 1912-ல் 'டைட்டானிக்' கப்பலின் முதற் பயணத்தில் ஏறி, சபை மேலாளர் கட்டளைப்படி அயர்லாந்திலேயே இறங்கியதால் உயிர் தப்பினார். அதற்காகத்தான் உலகம் அவரை அறிகிறது. முதலாம் உலகப் போரில் படையினரின் ஆன்மகுருவாகப் பலமுறை காயமடைந்து, நச்சுவாயுவுக்கும் உள்ளானவர் என்பது பலருக்குத் தெரியாது. 1924-ல் உடல்நலத்துக்காகத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டபோதும் கமராவைக் கைவிடவில்லை. 1960-ல் இறந்தார். ஏறக்குறைய 42,000 நெகட்டிவ்கள் ஒரு பெட்டிக்குள் இருந்ததை, இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் சபையினர் கண்டெடுத்தார்கள். புகழுக்காக எடுத்தவர் அப்படிப் பெட்டியில் பூட்டிவைப்பாரா?

மற்றவர் நம் நாட்டுக்கே வந்தவர். தோமஸ் மேர்ட்டன் என்ற டிரப்பிஸ்ட் துறவி, அமெரிக்காவில் கெத்செமனி மடத்தில் பல ஆண்டுகள் மௌனத்தில் வாழ்ந்தவர். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் நண்பர் ஜோன் ஹவார்ட் கிரிபின் கொடுத்த கமராவோடு மடத்துக் காட்டில் திரிந்தார். அவர் எடுத்தவை பெரிய காட்சிகள் அல்ல. மரவேர், பட்டுப்போன அடிமரம், பழைய கதிரை, சுவரில் விழுந்த வெயில். அவற்றைத் தன் விருப்பத்துக்கு அடுக்கி வைக்காமல், இருந்தபடியே எடுத்தார். 1968-ல் ஆசியப் பயணம் வந்தவர் டிசம்பர் தொடக்கத்தில் பொலன்னறுவைக்குப் போய், கல்விகாரைச் சிலைகளின் முன்னால் ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்றார். பயணம் முழுவதும் தெளிவில்லாமல் தேடியது அங்கே கண்ணுக்கு எட்டியது என்னும் பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். டிசம்பர் 10-ல் பாங்கொக்கில் திடீரென இறந்தார். அவருடைய படங்களைக் கிரிபின் 1970-ல் நூலாக வெளியிட்டார்.

ஆழ்நிலைத் தியானம் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். தோலகட்டியில் தோமஸ் அடிகளார் 1928-ல் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கியது இந்த மண்ணுக்குரிய தியான வாழ்வுக்காகவே. தோலகட்டி என்றதும் பலருக்கு நெல்லிரசம் மட்டும் நினைவுக்கு வருவது நம் ஞாபகத்தின் குறை.

ஒரு வளவு, ஒரு புலுனிக்கூட்டம்

நான் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மனைவி காலமாகி இரண்டு வருடம். பிள்ளைகள் மூவரும் கனடாவில். பெரிய வீடு, பூட்டிய அறைகள். பிள்ளைகள் தவறாமல் தொலைபேசி எடுப்பார்கள். 'மருந்து குடிச்சீங்களா? நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா? கேற்றைப் பூட்டிப் போட்டுப் படுங்கோ.' இவர் 'ஓம்' என்பார். பேச்சு முடிந்துவிடும். அன்பு இல்லாமல் அல்ல, பேசுவதற்குப் பொருள் இல்லாமல்.

மூத்த மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு நல்ல கைத்தொலைபேசியை வைத்துவிட்டுப் போனார். அதில் பெரியவர் முதலில் எடுத்தது வேலிப் பூவரசில் வந்திருந்த புலுனிக்கூட்டத்தை. புலுனிகள் தனித்து வருவதில்லை, ஏழெட்டாகத்தான் வரும். ஒன்று சத்தம் போட்டால் எல்லாம் சத்தம் போடும். அந்தப் படத்தைப் பேரப்பிள்ளைக்கு அனுப்பினார். பத்து வயதுப் பிள்ளை கேட்டது: 'அப்பப்பா, ஏன் எல்லாம் ஒட்டிக்கொண்டு இருக்குது?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு அரை மணித்தியாலம் தேவைப்பட்டது. அடுத்த நாள் பிள்ளையே அழைத்தது: 'இண்டைக்கு என்ன வந்தது?'

இப்போது அவருடைய காலை வேறு. ஐந்தரைக்கு எழும்பித் திருப்பலிக்குப் போய், திரும்பி வந்து கிணற்றடியில் கதிரையைப் போட்டு இருக்கிறார். தொட்டித் தண்ணீருக்குச் செண்பகம் எத்தனை மணிக்கு வரும், அணில் எந்தக் கொப்பால் இறங்கும், வாடை தொடங்கினால் எந்தக் குருவி காணாமற்போகும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். மனைவியின் நினைவு போய்விட்டதா? இல்லை. அவர் சொன்னது: 'பாதர், அவ நட்ட செம்பரத்தையை நான் இவ்வளவு காலமும் பார்க்கேல்லை. இப்பதான் பார்க்கிறன்.' துக்கம் அப்படியேதான் இருக்கிறது. அது இருக்க இப்போது வளவில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

பூநாரைக்கு நிறம் வந்த விதம்

வடக்கில் மாரி தொடங்கும் காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரத் தொடங்கும். ஏரிகளில் ஊசிவால் வாத்துகள் இறங்கும். சுண்டிக்குளம், ஆனையிறவு, மண்டைதீவுப் பக்கங்களில் பூநாரைகளைக் காணலாம். சுண்டிக்குளம் 1938-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2015-ல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பறவைகள் தம் வருகைக் காலத்தை அறிந்திருக்கின்றன, ஆனால் மக்களோ ஆண்டவரின் வழியை அறியவில்லை என்று எரேமியா இறைவாக்கினர் (8:7) நொந்துகொண்டதை, இந்த ஏரிக்கரையில் நின்று வாசித்தால் வேறுவிதமாக விளங்கும். அந்த இறைவாக்கினரும் வானத்தைப் பார்த்துக் கணக்கு வைத்திருந்தவர்.

பூநாரையைத் தூரத்தில் பார்ப்பவர்கள் அதன் இளஞ்சிவப்பை வியக்கிறார்கள். பறவை அந்த நிறத்தோடு பிறப்பதில்லை. குஞ்சு சாம்பல் நிறம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உவர்நீரை அலகால் வடித்து, நுண்ணிய பாசிகளையும் கூனி போன்ற சிற்றுயிர்களையும் உண்கிறது. அந்த உணவில் உள்ள நிறப்பொருள் சில வருடங்களில் இறகில் ஏறுகிறது. உணவு மாறினால் நிறம் வெளிறிப்போகும். பிள்ளை ரியூசனால் வந்து இரவு பதினொரு மணிவரை கைத்தொலைபேசியில் எதை உண்கிறான் என்று கேட்கும் பெற்றாருக்கு இந்தப் பறவையைக் காட்டுகிறேன். தொலைபேசியைப் பறித்து வைப்பதால் சண்டைதான் மிஞ்சும். அதே தொலைபேசியோடு ஒரு சனிக்கிழமை விடியற்காலை பிள்ளையை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். நீங்களும் போங்கள். பிள்ளையை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருந்தால் பயனில்லை.

தொழில்நுட்பம் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, அவசியமும் இல்லை. விடிந்து இரண்டு மணித்தியாலமும், பொழுதுபடமுன் ஒரு மணித்தியாலமும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். நண்பகல் வெயிலில் நம் மண்ணில் எல்லாமே சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிவிடும். சிறிய உயிரை எடுக்கும்போது அதன் கண்மட்டத்துக்குக் குனியுங்கள். மேலே நின்று எடுத்த தவளைக்கும், நிலத்தில் படுத்து எடுத்த தவளைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பனைமரத்துக்குப் பின்னால் சூரியன் மறையும் படத்தை எல்லாரும் எடுத்தாயிற்று. நீங்களும் ஒன்றை எடுத்து அந்த ஆசையைத் தீர்த்துக்கொண்டு, பிறகு பார்க்கத் தொடங்குங்கள்.

இதில் பயிற்சி எங்கே இருக்கிறதென்றால், கிடைக்காமற்போகும் படத்தில். மீன்கொத்தி அரை மணித்தியாலம் கம்பியில் அசையாமல் இருக்கும். நீங்கள் கமராவைத் தூக்கும் நொடியில் பாய்ந்துவிடும். அது நமக்காக அங்கே இருக்கவில்லை. நாம் அழைத்து வந்ததும் அல்ல, நாம் நிறுத்தி வைக்கக்கூடியதும் அல்ல. யோபுவுக்கு ஆண்டவர் சூறாவளியிலிருந்து பதில் சொன்னபோது, அவருடைய துன்பத்துக்குக் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. காட்டுக் கழுதையையும் தீக்கோழியையும் பருந்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். காரணம் கேட்டவருக்குப் படங்களைக் காட்டிய அந்த அதிகாரங்களை (38, 39) நாம் இறப்பு வீடுகளில் வாசிப்பதே இல்லை. வாசித்துப் பார்க்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. ஞாயிறு இரவு, குடும்பச் செபத்துக்கு முன், ஒவ்வொருவரும் அந்த வாரம் எடுத்த ஒரே ஒரு படத்தைக் காட்டட்டும். மற்றவர்கள் 'நல்லாயிருக்கு' என்று சொல்லக்கூடாது. அதில் தாங்கள் காண்பதை மட்டும் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகள் இதில் பெரியவர்களைத் தோற்கடிப்பார்கள். மாதத்தில் ஒரு படத்தையாவது ஸ்ரூடியோவில் கொடுத்து அச்சிட்டு, இறந்தவர்களின் படங்கள் தொங்கும் அதே சுவரில் ஒட்டுங்கள்.

எல்லை உண்டு

படம் எடுத்தால் மனநோய் தீரும் என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். றொஜர் அல்ரிச் என்பவர் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சத்திரசிகிச்சைக்குப் பின் யன்னல் வழியே மரங்களைப் பார்க்கக் கிடைத்த நோயாளர், செங்கற்சுவரை மட்டும் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது என்று காட்டியது. ஆனால் அவர்களுக்கும் முதலில் சத்திரசிகிச்சை நடந்தது! வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் கமராவைக் கொடுக்காதீர்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. அங்கே போவது வெட்கம் என்ற எண்ணத்தால் நம் பங்குகளில் நாம் இழந்த உயிர்கள் போதும்.

இன்னும் சில. கூட்டில் இருக்கும் பறவையை நெருங்கக் கூடாது. தாய் எழும்பிப் போனால் வெயிலில் முட்டை கெட்டுவிடும், காகத்துக்கும் வழி திறந்துவிடும். பூநாரைகள் பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டியும் கல்லெறிந்தும் அவற்றைக் கிளப்புகிறவர்கள் உண்டு. நெடுந்தூரம் பறக்க வேண்டிய பறவையின் பலத்தை ஒரு படத்துக்காக அவர்கள் வீணாக்குகிறார்கள். கரைவலை இழுப்பவரையும் கருவாடு காயவைக்கும் அம்மாவையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, அவர்கள் காட்சிப்பொருள் அல்லர். படைமுகாம்களின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். கண்ணிவெடி அபாயப் பலகை இருக்கும் நிலத்தில், எவ்வளவு அழகான பறவை இருந்தாலும், பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள்.

பிள்ளைகளோடு நெடுந்தீவுக்குப் போக நினைப்பவர்கள் குறிகட்டுவானில் காலைப் படகைப் பிடியுங்கள். வெயில் ஏறுமுன் குதிரைகளைத் திறந்த வெளியில் காணலாம். பெருக்குமரத்துக்குள் ஒரு பிள்ளையை நிறுத்தி எடுத்தால்தான் அதன் பருமன் படத்தில் தெரியும். முருகைக்கல் மதில்களைக் காலைச் சாய்வெயிலில் எடுங்கள், ஒவ்வொரு கல்லின் உருவமும் தனியாகத் தெரியும். குதிரைகளுக்குப் பாணும் பிஸ்கற்றும் கொடுக்க வேண்டாம். கோடையில் தீவில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. உங்களுக்குத் தேவையான தண்ணீரை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.